ஓர் அட்டைக்கு ஓர் ஆள்

கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகும் சோதிலிங்கம் அதை விடுவதில்லை. இடது கையால் பிடித்தபடி, இன்னோர் ஆள் நுழைந்து போகிற நேரம் நிற்கிறார். கொஞ்சம் ஒதுங்கியும் நிற்கிறார், வருகிறவரின் தோள் தன்மேல் இடித்துவிடக் கூடாது என்பதுபோல. பின்னால் ஒருவரும் இல்லை. ஒக்லன்டின் ஏவன்டேல் பகுதியில் காலை மழை மட்டும் சாய்வாக விழுந்துகொண்டிருக்கிறது. பிறகு கையை எடுக்கிறார். கதவு தானாக, மெல்லிய சீறலோடு மூடிக்கொள்கிறது.

எங்கள் தொழிற்சாலை போன வருடம் கைமாறியபோது வந்த கதவு அது. காந்த அட்டையைத் தேய்த்தால் திறக்கும். பக்கத்துச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு பலகை: ஓர் அட்டைக்கு ஓர் ஆள். மூன்று வாரமாக அந்தப் பலகையின் கீழே நின்றுதான் இவர் இதைச் செய்கிறார். அச்சு இயந்திரம் ஓட்டும் டோங்காக்காரர் சியோனே ஒருநாள் கேட்டேவிட்டார். "சோதி, உன் கூட்டாளிக்கு அட்டை குடுக்கலையா?"

சோதிலிங்கம் சிரிக்கவில்லை. "அவர் மெதுவாத்தான் நடப்பார்" என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். சியோனே அதற்குப் பிறகு கேட்பதில்லை. சில நாட்களாக அவரும் அந்தக் கதவருகே ஒதுங்கித்தான் நடக்கிறார்.

சோதிலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். நாங்கள் செய்வது ஐஸ்கிரீம் டப்பாக்கள். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது இவர் வேலை. பார்ப்பது என்று சொல்வது பிழை, காதால் கேட்கிறார். டப்பாவை நெஞ்சருகே வைத்து, கட்டைவிரலால் மூடியின் ஒரு மூலையை அழுத்துவார். "டக்" என்று கேட்டால் நல்லது. "டொப்" என்று கேட்டால் கழிவு. இயந்திரங்கள் அலறும் கூடத்தில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்கு மட்டும் கேட்கும். ஒவ்வொரு பெட்டியின் சீட்டிலும் கையெழுத்துப் போடுவார், ஆங்கிலத்தில். முதல் எழுத்து அப்பாவின் பெயருக்குரிய டி. அதன் மேல்கோட்டை அங்கேயே நிறுத்தாமல், தன் பெயரின் கடைசி எழுத்துவரை இழுத்துவிடுவார். சோதிலிங்கம் என்ற பெயர் முழுவதும் ஒரு கூரைக்குக் கீழே குடியிருப்பதுபோல இருக்கும்.

கழிவு டப்பா இரண்டை மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருகிறார். ஒன்றில் சோறும் கறியும். மற்றதில் அவருடைய குடியுரிமைச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள். சாப்பிடும்போது அதை மடியில் வைத்துக்கொள்கிறார்.

இது புதுப் பழக்கம். முன்பு இவரைப் போலச் சட்டைப்பையில் ஒன்றுமில்லாமல் திரிந்த மனிதரை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் பணப்பை, அட்டை, சாவி ஒன்றுமில்லாமல் இரு கைகளையும் வீசிக்கொண்டு வருவார்.

"அங்க ஐசி எண்ட அடையாள அட்டை இல்லாட்டி நான் ஆளே இல்லைத் தம்பி. கடைக்குப் போறதெண்டாலும் அதுதான் முதல்ல போகும், நான் பின்னால போவன். இஞ்ச பாருங்கோ, பொக்கற் காலி. ஆனா ஆள் இருக்கிறன்."

பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வரும் அவர் மனைவி பத்மாவதி விடமாட்டார். "ஓம், இவருக்கு வெறும் பொக்கற் சுதந்திரம். கத்தரிக்காய் சுமக்கிறது நான்."

நான் அதே தொழிற்சாலையின் அலுவலக அறையில் இருக்கிறேன். பெரம்பலூர்ப் பக்கத்தில், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கணினியில் பெயர்களை எந்த வரிசையில் கேட்டாலும் அடுக்கித் தருவேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. புது முதலாளிகள், ஊழியர் எல்லாருக்கும் இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்க நகரத்தில் ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். மேலாளர் என்னிடம் வந்தார். "எல்லாரையும் அனுப்ப வேண்டாம். என் வாயில் நுழையாத பெயர்களிலிருந்து தொடங்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நூற்று நாற்பது பேரில் நாற்பத்தொரு பேர் தேறினார்கள். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே பிறந்தவர்கள் அதில் இருந்தார்கள். போன வருடம் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய பட்டறைக்காரர் இல்லை. அரை நாளில் முடித்து, பிறந்த தேதி, விலாசம், வீட்டுத் தொலைபேசி எல்லாம் சேர்த்து அனுப்பினேன். வேகமாகச் செய்ததாகப் பாராட்டு வந்தது.

நாற்பது பேருக்கு ஒற்றை வரியில் சரி என்று பதில் வந்தது. சோதிலிங்கத்துக்கு நான்கு பக்கம்.

அதைப் புரிந்துகொள்ள அவர் வந்த கதை வேண்டும். 1988இல் விமானத்தில் கொடுத்த படிவத்தில், குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினார்: தவராசா. குடும்பத்துக்கு மூத்தவர் அவர்தானே. சில மாதம் கழித்து ஒரு கிளினிக்கில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோது, தாதி வாசலில் நின்று "மிஸ்டர் தவராசா" என்று மூன்று முறை கூப்பிட்டாள். இவர் எழுந்திருக்கவில்லை.

"அப்பாவை ஆரோ சின்னப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருந்தது. அதுக்கு நான் எப்பிடி எழும்பிறது?"

காய்ச்சலோடு வீட்டுக்குத் திரும்பினார். அடுத்து, நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தபோது பெயரைச் சீராக்கிக்கொண்டார். அப்பா முன்னால் ஓர் எழுத்தாகப் போய் நின்றார், ஊரில் போலவே. டி. சோதிலிங்கம். அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் குடியுரிமையும் அந்தப் பெயரிலேயே வந்தது.

சரிபார்த்தவர்களின் கணினி இவரை ஒருவராகப் பார்க்கவில்லை. அந்த நான்கு பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தவராசா: 1988 மார்ச்சில் பார்வையாளராக வந்தவர், திரும்பிப் போனதாகப் பதிவு இல்லை. இன்னொருவர் சோதிலிங்கம்: குடிமகன், ஆனால் இந்த நாட்டுக்குள் வந்ததாகவே பதிவு இல்லை. ஒருவர் போகவில்லை, மற்றவர் வரவில்லை. இருவருக்கும் ஒரே பிறந்த நாள். ஒருவருடைய காகிதத்தைக் காட்டி மற்றவர் வேலை செய்கிறாரா என்று நிறுவனம் கேட்டிருந்தது.

என் அறையில் வைத்து அதைத் தமிழில் சொன்னபோது முதலில் குலுங்கிச் சிரித்தார். "அப்பா ஆனையிறவு தாண்டாத மனுசன், தம்பி. கொழும்பைக் கண்ணால கண்டதில்லை. செத்து இருபத்திமூண்டு வருசம். இப்ப ஒக்லன்டில ஒளிச்சிருக்கிறாராம்."

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் நூலகத்தில் உறுப்பினரான தேதி அதில் இருந்தது. வீடியோக் கடையின் உறுப்பினர் எண் இருந்தது. மகள் கஜந்தினியின் பள்ளி இருந்தது. கீழே ஒரு வரி: தவராசா, கிளினிக் முன்பதிவு, ஜூலை 1988, ஆள் வரவில்லை.

"நான் வந்தனான்" என்றார் சோதிலிங்கம். "அந்தக் கதிரையில இருந்தனான்." "இதெல்லாம் ஆர் குடுத்தது?" என்றார். அவருடைய வீட்டுத் தொலைபேசி எண் நான் அனுப்பியது. மற்றவை யார் கொடுத்தவை என்று எனக்கும் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

அன்றிலிருந்துதான் சான்றிதழ் டப்பாவுக்குள் ஏறியது. உணவுக்கூடத்தில் சுவரில் முதுகு படும்படி உட்கார ஆரம்பித்தார். நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுக்கிறார், பேசுவதில்லை. எதிர்முனை எந்தப் பெயரைக் கேட்கிறது என்று காத்திருக்கிறார்.

தவராசாவின் பெயருக்கு நேரே கடைசி விலாசமாக, நகரின் வடகரையில் உள்ள கிளென்ஃபீல்டில் ஒரு வீட்டு எண் இருந்தது. சோதிலிங்கம் அந்தப் பக்கத்தில் இருந்ததே இல்லை. நான் தட்டச்சு செய்கிறவன். விரல் ஒரு வரி கீழே இறங்கினால் ஒருவர் வீடு இன்னொருவருக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "இருக்கலாம். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றார். ஒரு ஞாயிறு மதியம் என் பழைய கொரோலா காரில் துறைமுகப் பாலத்தைக் கடந்து போனோம். வழியெல்லாம் டப்பா அவர் மடியில் இருந்தது.

சரிவான தெரு. பலகை வீடு. சன்னல்களில் திரை இல்லை, உள்ளே தட்டுமுட்டு ஒன்றும் இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கியதும் அது நின்றுவிட்டது. தகரத் தபால்பெட்டியின் வாயில் ஓர் உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் அதே நீலக் கோடு. உறையின் சன்னலுக்குள் பெயர் தெளிவாகத் தெரிந்தது: மிஸ்டர் எஸ். தவராசா.

முத்திரைத் தேதியைப் பார்த்தால், இவரைப் பற்றி எங்களுக்கு எழுதிய அன்றே அவருக்கும் எழுதியிருக்கிறார்கள். சோதிலிங்கம் என்பவரை உமக்குத் தெரியுமா என்று கேட்டிருப்பார்கள்.

நான் உறையை உருவக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி. அது அவருக்கு வந்த கடிதம்."

"அண்ணே, அவருன்னு யாரு இருக்கா? அது நீங்கதான்."

"பேர் அவரின்ர. மற்ற ஆளின்ர கடிதத்தை உடைக்கிற பழக்கம் எனக்கில்லை."

நனைந்த உறையை விரல் நுனியால் உள்ளே தள்ளினார். தகர மூடியை இறக்கி, ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டார். திரும்பும்போது காரின் முன்கதவை நான்தான் திறந்துவிட்டேன். அவர் பின்னிருக்கையில் ஏறி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் திங்கட்கிழமை காலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிறுவனம் ஒரு படிவமும் அனுப்பியிருந்தது. வெள்ளி நண்பகலுக்குள் திரும்பி வரவேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். "தவராசா என்பவர் நானே" என்பது முதலாவது. அதைக் குறித்தால் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. வேறு பெயரில் குடியுரிமை பெற்றது பற்றியும் கேட்பார்கள். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. "தவராசா என்ற பெயருடைய எவரையும் நான் அறியேன்" என்பது இரண்டாவது. அதைக் குறித்துக் கையெழுத்துப் போட்டால் இவருடைய கோப்பு மூடப்படும்.

கஜந்தினி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஜஸ்ட் டெல் தெம் இட்ஸ் யூ, டாட்." உண்மை அதுதான். ஆனால் சோதிலிங்கத்தின் தங்கை, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, இரண்டு பிள்ளைகளோடு வவுனியாவில் ஒரு முகாமில் இருக்கிறாள். அவர்களை இங்கே அழைக்க இவர் போட்டிருக்கும் விண்ணப்பம் இவருடைய வேலைக் கடிதத்தின் மேல் நிற்கிறது. அடுத்த மாதம் குடிவரவு அதிகாரிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். வேலை நின்றால் அதுவும் நிற்கும்.

பத்மாவதி மட்டும் கணவருடைய முகத்தைப் பார்க்காமல், மாமனாரை நினைத்துச் சொன்னார். "மாமா கோவிக்க மாட்டார். உங்கட தங்கச்சிப் பொடிச்சி வந்து சேரட்டும்."

வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் என் அறைக்கு வந்தார். கதவை வழக்கம்போல் பிடித்து நின்று, பிறகு விட்டார். எதிரே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தார். மற்றதை மேசையிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவைத்தார்.

இரண்டாவது கட்டத்தில் குறி நானே போட்டு வைத்திருந்தேன். "இதுதான் அண்ணே சுலபம். ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"தமிழில வாசியுங்கோ."

வாசித்தேன். தவராசா என்ற பெயருடைய எவரையும் நான் அறியேன்.

"இன்னொருக்கா."

மறுபடி வாசித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கிருந்தும் கேட்கிறதா என்று உறுதி செய்கிறவர்போல.

"என்ர அப்பாவை எனக்குத் தெரியாது எண்டு எழுதியிருக்கு. என்ன?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளைத்தான் அண்ணே அப்படிச் சொல்றோம்."

"ஓம். அவரோடயும் இவ்வளவு நாளாப் பழகிட்டன்."

பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துக் கோட்டின் தொடக்கத்தில் முனை வந்து நின்றது. அப்பாவின் எழுத்து விழும் இடம் அது. அங்கே அவர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு விரலகல இடம் வெறுமையாக விட்டு, தள்ளிப் போய், சோதிலிங்கம் என்று மட்டும் எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதைக் காகிதத்திலிருந்து மயிரிழை உயரம் தூக்கிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து கடைசி எழுத்துவரை, பெயரின் மேலே மெல்ல இழுத்துக்கொண்டு போனார். மை எங்கும் படவில்லை.