மணலில் புதைத்த பாட்டுச் சீட்டு

எங்கள் ஊர்ப் பக்கம் கடல் கிடையாது. கண்மாயிலேயே வருடத்தில் பாதி நாள் தண்ணீர் கிடையாது. திருச்சுழியிலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகிற கிராமம். மிளகாயும் மல்லியும் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிற சனம். அந்த ஊரில் பிறந்த என் அப்பாவுக்குக் கடற்கரைப் பாட்டுக் கச்சேரி என்றால் உயிர். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர்த் திருவிழாவில், கோடை லீவில், மணலில் மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். எங்கள் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு மதியமே கிளம்பிவிடுவோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயரும் ஊரும் போட்டு மேடையில் கொடுத்தால், பாடுவதற்கு முன்னால் அறிவிப்பாளர் அதை மைக்கில் படிப்பார். அப்பா வருடம் தவறாமல் சீட்டு கொடுப்பார். வெறும் பெயரோடு விடமாட்டார், முன்னால் 'மிளகாய் விவசாயி' என்று வேறு போட்டுக்கொள்வார். அதை மைக்கில் கேட்டதும் கலெக்டர் கையால் மாலை வாங்கியவர் மாதிரி எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிடுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எனக்குத்தான் மானம் போகும். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு பஸ்ஸில் வருகிற பையன்களும் அந்தக் கச்சேரிக்கு வருவார்கள். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே ஆரம்பித்துவிடுவார்கள். "மிளகாய் விவசாயி மகள் விரும்பிக் கேட்கும் ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குங்க" என்று ஒருத்தன் அறிவிப்பாளர் குரலில் சொல்வான். பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டரும் சிரிப்பார், அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க இதை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதினோராம் வகுப்பு முடித்த லீவில் அம்மாவுக்கு உடம்பு மோசமாகியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி. காலெல்லாம் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையாது. கச்சேரிக்கு வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். "ஒரு எட்டு கடலப் பாத்துட்டு வாரேன், ஒங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது" என்றாள். அப்பா அவளுக்காக வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை வேனின் மேல் கட்டி எடுத்து வந்தார். மணலில் அதன் கால்கள் ஒரு பக்கமாகப் புதைந்துகொண்டே இருந்ததால், கீழே உட்கார்ந்து கையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் அந்த வருடம் சீட்டை என்னிடம் கொடுத்தார். நாலாக மடித்திருந்தது. "ஏத்தா, பிரிக்காமக் கொண்டுபோயி மேடையில குடுத்துட்டு வா."

மேடைக்குப் பக்கத்தில் அதே பையன்கள் நின்றார்கள். என் கையில் சீட்டைப் பார்த்ததும் ஒருத்தன், "ஏலே, மிளகாய் வந்துருச்சுலே" என்றான். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவர்களைத் தாண்டி நடந்து, ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்ச் சீட்டைக் கீழே போட்டு, கால் கட்டைவிரலால் குழி பறித்து மூடிவிட்டேன். திரும்பி வந்ததும் அப்பா கேட்டார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

கொஞ்சம்கூட நாக்கு குழறவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு அறிவிப்பாளர் ஒவ்வொரு சீட்டாகப் பிரிக்கும்போதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுத்தது நம்மளதுதேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். வீரசோழன் என்றார்கள், பாலவனத்தம் என்றார்கள், எந்தெந்த ஊரோ வந்தது. எங்கள் ஊர் வரவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, சுண்டலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

இதுதான் கடைசிப் பாட்டு என்று மைக்கில் சொன்னார்கள். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"விடுங்க. வருசா வருசம் உங்க பேரைக் கேட்டுப் புளிச்சுப்போச்சு" என்றாள் அம்மா.

"இந்தத் தடவ எம் பேரு இல்ல."

"பெறகு?"

அப்பா மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உம் பேரத்தேன் எழுதியிருந்தேன்."

இதை வேறு யாரும் கேட்டால் என்ன பெரிய விஷயம் என்பார்கள். என் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'இந்தா' என்பார், கோபம் வந்தால் 'ஏ புள்ள'. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் நிறையப் பேர் அப்படித்தான். வாயால் கூப்பிடக் கூச்சப்பட்டவர், மைக்கில் சொல்ல வைக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அம்மா, "நெசமாவா?" என்று கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள்.

நான் ஓடினேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் மணல் முழுக்கக் காலடியாகக் கிடந்தது. இரண்டு கையாலும் தோண்டினேன், கிடைக்கவில்லை. மேடைப் படியில் நின்றவரிடம் போய், "அண்ணே, எங்கம்மா பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்கண்ணே" என்று அழுதேன். அவர், "பாட்டு ஆரம்பிச்சிட்டாக பாப்பா, அடுத்த வருசம் குடு" என்றார்.

அடுத்த வருடக் கச்சேரிக்கு அம்மா இல்லை. ஐப்பசியில் போய்விட்டாள்.

அப்பா அதன் பிறகு கச்சேரிப் பக்கமே போகவில்லை. எங்காவது மைக் சத்தம் கேட்டால் அந்த அறிவிப்பாளரைத் திட்டுவார். நான் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டேன், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். பாவம், அந்த மனுசன் என்ன செய்தார்? உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். "சாப்பிட்டீகளாப்பா" என்றுதான் வருகிறது.

அம்மா போன ரெண்டாம் மாதம் வாரிசுச் சான்றிதழுக்காக நானும் அப்பாவும் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போனோம். பைல் என் கையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் குனிந்தபடியே, "இறந்தவுக பேரு?" என்றார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கய்யா."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.