ரேடியேட்டரில் ஊற்றிய பாவுக் கஞ்சி

தண்ணீர் பார், எண்ணெய் பார், நான்கு டயரையும் உதைத்துப் பார், அப்புறம் வண்டியை எடு. ராசிபுரத்தில் நூல் வியாபாரி ஒருவரின் காரை ஓட்டிய காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் உயிரை வாங்கியிருப்பேன்! எஞ்சினை முடுக்க முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வை, திருப்பி அடித்தால் எலும்பு முறியும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் பாடம் நடத்துவேன். அந்தக் காரை நினைத்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது.

அப்பேர்ப்பட்ட நானே ஒருநாள் கோட்டை விட்டேன்.

உலகச் சண்டை நடந்த காலம். அண்ணன் தறியை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தபோது, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்ன அப்பா அதன்பிறகு அவனோடு பேசவில்லை. லீவில் வந்தவன் வீட்டுக்கு வரப் பயந்து சேலத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினான். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி ரயிலில் கிளம்புகிறான், பிறகு கப்பல். அன்று பத்து மணிக்குத்தான் அப்பா தறியை விட்டு எழுந்தார்.

“அவன ஒருக்காப் பாத்துப் பேசிட்டு வந்தர்லாமா சாமி?”

“நாலு நாளா சும்மா இருந்துபோட்டு இப்பக் கேக்கறீங்களே!” என்று கத்தினேன். முதலாளியிடம் கெஞ்சிக் காரை வாங்கினேன். ஷெட்டில் ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சொட்டு ஈரம் தெரிந்தது. கோபத்தில் குனிந்துகூடப் பார்க்காமல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு விரட்டினேன்.

மல்லூருக்கு முன்னாலேயே ஆவி பறந்தது. சூடு ஆறாமல் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினால், ஊற்றிய வேகத்தில் அடியில் ஒழுகிப் போனது.

சாலையோரப் புளியமரங்களின் கீழே நெசவாளிகள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டி, அதற்கு விறைப்பு ஏற்றக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் சட்டியோடு வந்தாள்.

“ஏனுங்க, இதை ஊத்திப் பாருங்க. நூலுக்குள்ள எறங்கற கஞ்சி ஓட்டைக்குள்ள எறங்காதுங்களா?”

இறங்கும். சூட்டில் வெந்து ஓட்டையை அடைக்கும். கூடவே உள்ளே இருக்கிற குழாய் அத்தனையையும் அடைத்துவிடும். ரேடியேட்டர் போச்சு, என் வேலையும் போச்சு. வேறு வண்டி ஏதாவது வராதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். “அவன் போயிருவானா சாமி?” என்று கேட்டார்.

சட்டியை வாங்கி ஊற்றினேன். ஒழுகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. மறுபடி தண்ணீர் நிரப்பிக் கிளம்பினோம்.

ஜங்ஷனுக்குள் ஓடியபோது மணி அடித்தாகிவிட்டது. அண்ணன் கடைசிப் பெட்டியின் ஜன்னலில் இருந்தான். அப்பா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“கோவத்துல சொல்லிப்போட்டேன் சாமி. மனசுல வெச்சுக்காத.”

“அத உடுங்கப்பா. போயிட்டு வாரேன்,” என்றான். ரயில் நகர்ந்தது.

மறுவாரமே முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். புது ரேடியேட்டருக்கு அலைந்தவர் வேறென்ன செய்வார்? எனக்குத்தான் ஆறவில்லை. எல்லாம் உங்களால் வந்தது என்று அப்பாவிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த வருஷம் அண்ணன் சண்டையில் இறந்துவிட்டான் என்று தந்தி வந்தது. அன்று முழுக்க அழுதார் அப்பா. பொழுது சாய்ந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அன்னிக்கு என்னய அவங்கிட்டக் கொண்டுபோயிச் சேத்திப்போட்ட சாமி,” என்றார்.