வெறுங்கைக் கவிஞர்

பெயிண்ட் கடையில் வேலை பார்த்த அவருக்குக் கவிதைச் சங்கத்தில் 'வெறுங்கை' என்று பெயர். மேடைக்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் ஏறுவார். நகங்களில் அன்று கலந்துகொடுத்த நிறம் ஒட்டியிருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளுக்கு மட்டும் சொல்வதுபோல ஆரம்பிப்பார். மற்றவர்கள் தாளுக்குள் தலையைக் கவிழ்த்து முணுமுணுக்கும் மேடை அது. இவர் வந்தால் வெளியே டீ குடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து சுவரோரம் நிற்பார்கள்.

அவர் மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடப் பாடம், கடை விளம்பரம் என்று எது வந்தாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அங்கே எல்லாருக்கும் அவள் 'பிழை அக்கா'. அவளும் கவிதை எழுதுவாள். ஆனால் தாள் இல்லாமல் அவளுக்கு வாய் திறக்காது. தாள் இருந்தாலும் அதிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அவள் படிக்கும்போது கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இதை வைத்து வீட்டில் ஓயாத சண்டை.

"பேப்பரப் பாத்துப் படிக்கிறவ மூஞ்சிய யாரு பாக்கப் போறா? கவிதைன்னா ஆளப் பாத்துச் சொல்லணும்டி."

"நீங்க ஆளப் பாத்ததும் வார்த்தைய மாத்திடறீங்களே! எழுதினது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. இன்னிக்குகூட ஒரு 'உம்' கூடப் போட்டீங்க."

"ஒரு 'உம்'முக்கு இவ்வளவு ரகளையா?"

"ஒரு 'உம்' விட்டா மருந்துப் பெட்டியில அர்த்தமே மாறிடும். கவிதைக்கு மட்டும் பரவாயில்லையா?"

சண்டை வந்தது அவருடைய பேர்போன கவிதையில்தான். எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சொல்லவைத்த நான்கு வரி:

கதவைச் சாத்தவில்லை
காற்றுக்காக என்று சொன்னேன்
காற்றுக்கும் தெரியும்
யாருக்காக என்று.

'காற்றுக்குத் தெரியும்' என்றுதான் எழுதியிருந்தார். மேடையில் எப்போதோ 'காற்றுக்கும்' ஆகிவிட்டது. எது சரி என்று சோற்றுக்கு முன்னாலும் பேசுவார்கள், சோற்றுக்குப் பின்னாலும் பேசுவார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுவே ஒரு பிள்ளை மாதிரி வளர்ந்தது.

ஒரு நாள் கடையில் டப்பா மூடியைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் இரத்தக் குழாய் அடைத்திருந்தது. உயிர் தப்பியது. செயலிழந்த வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, சமையலறையில் இருந்த அவள் காதில் அவர் குரல் விழுந்தது. தெளிவாக, மேடையில் கேட்ட அதே கணீர்க் குரல்.

"கதவைச் சாத்தவில்லை."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். முதலில் வாசல் கதவைத்தான் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கண் தண்ணீர்ச் செம்பின்மேல் இருந்தது. "காற்றுக்காக என்று சொன்னேன்" என்றார் கெஞ்சலாக. தண்ணீரைக் கொடுத்ததும் கடகடவென்று குடித்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் சந்தோஷம் தாங்காமல் சொன்னாள், "பேச்சு வந்துடுச்சும்மா! முழுக் கவிதையும் சொல்றாரு!"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்து பார்த்தாள். பேனாவைக் காட்டினாள், சீப்பைக் காட்டினாள். எதற்கும் பேர் வரவில்லை. அவர் கையால் எழுதின தாளையே நீட்டினாள். கட்டெறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல எழுத்துகளைப் பார்த்தார்.

"அது பேச்சு இல்லம்மா," என்றாள் தணிந்த குரலில். "மனப்பாடம் பண்ணினது தனியா ஒரு இடத்துல தங்கிடும். வாயைத் திறந்தா அதுதான் வருது. அவரு நினைக்கிறது ஒண்ணு, வர்றது ஒண்ணு."

"அவருக்கு அது தெரியுமா?"

"தெரியும்னுதான் தோணுது."

இந்தக் கடைசி பதில் அவளை உட்கார விடவில்லை. தப்பான வார்த்தை தன் வாயிலிருந்தே வருவதைக் கேட்டுக்கொண்டு, திருத்த முடியாமல் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பிழை திருத்துகிறவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் தோன்றவில்லை.

போகப் போக ராகத்தை வைத்து அவளுக்குப் புரிந்தது. இழுத்துச் சொன்னால் தாகம். வெட்டி வெட்டிச் சொன்னால் கால் வலி. வேகமாக, மூச்சு விடாமல், திரும்பத் திரும்பச் சொன்னால் கழிவறை. அந்தக் கூடுதல் 'உம்' ஒரு தடவைகூடத் தவறவில்லை. இப்போது அதற்குச் சண்டை போட ஆள்தான் இல்லை.

சங்கத்தின் செயலாளர் பார்க்க வந்தார். அவர் முன்னால் வெறுங்கை நான்கு வரியையும் சொன்னார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா! ஆண்டு விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்த மேடையப் பாத்தா மிச்சமும் வந்துடும்."

"அது பேச்சு இல்லீங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. மிச்சமும் வந்துடும் என்ற வார்த்தையில் அவளுக்கும் ஒரு நப்பாசை விழுந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று.

விழா அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டுக் கூட்டிப்போனாள். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மடியில் பூங்கொத்தைக் கொடுத்து, ஒலிவாங்கியை வாயருகே பிடித்தார்கள். கூட்டம் மூச்சடக்கிக் காத்திருந்தது. அவர் பழையபடி ஒரு முகத்தைத் தேடினார். முதல் வரிசையில் அவள் முகத்தில் வந்து கண் நின்றது.

நான்கு வரியையும் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. கூரை பெயர்ந்துவிடும்போலக் கைதட்டல். சிலர் அழுதார்கள். அந்த ஒரு நிமிஷம் அவளும் நம்பினாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மறுபடி ஆரம்பித்தார். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. மூன்றாம் முறை வேகம் கூடியது. கூட்டத்துக்கு அது உணர்ச்சி. அவளுக்கு அது என்ன என்று தெரியும். எழுந்து படியேறப் போனாள். செயலாளர் குறுக்கே கை நீட்டினார்.

"தடுக்காதீங்கம்மா. எப்படி லயிச்சு கேக்கறாங்க பாருங்க."

"ஐயோ, அவரு கவிதை சொல்லலீங்க. கழிவறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு!"

கைதட்டலில் செயலாளருக்கு அது காதில் ஏறவில்லை. அவர் கையை விலக்கிக்கொண்டு அவள் ஏறினாள். போய்ச் சேர்வதற்குள் கணவரின் குரல் நின்றுவிட்டது. காலடியில் மேடைப் பலகை நனைந்திருந்தது. அவள் குனிந்து பூங்கொத்தை இன்னும் கீழே இறக்கி அவர் மடியை மறைத்தாள். மனைவி காலில் விழுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, மேடையில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

அந்தக் காட்சி ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. அடுத்தடுத்து அழைப்பு வந்தது, கல்லூரியிலிருந்து, வேறு சங்கங்களிலிருந்து. எல்லாவற்றையும் அவள் மறுத்தாள். காரணம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாததால் வேறு பேச்சு கிளம்பியது. தாளைப் பார்த்துப் படிக்கிறவளுக்குக் கைதட்டல் கிடைத்ததே இல்லை, அந்த வயிற்றெரிச்சலில் மனுஷனை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறாள் என்றார்கள். செயலாளரே அப்படிச் சொன்னதாக அச்சகத்தில் ஒருத்தி வந்து சொன்னாள்.

"சொல்லிட்டுப் போகட்டும்," என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளை அறுத்தது வேறு. மேடையிலிருந்து வந்த நாள்முதல் அவர் அந்த வரிகளைச் சொல்லவே இல்லை. செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே முதல் வரியை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். மறந்துபோனதா, வேண்டாம் என்று விட்டதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இப்போது தாகமா வலியா என்பதைக்கூட முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. பாதி நேரம் ஊகம் தப்பியது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் இனிப் பலனில்லை என்று வருவதை நிறுத்திக்கொண்டாள். பிழை அக்கா அச்சக வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, அவர் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். ஒரு மாலை, இருமல் மருந்துக்கான தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது வீட்டின் அமைதி பொறுக்காமல் கேட்டாள்:

"சத்தமாப் படிக்கட்டுமாங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவள் மனசுக்குள்ளேயே படித்துக்கொண்டு போனாள்.