வெர்ன் பிரித்த பொட்டலங்கள்

என் அண்ணன் வெர்ன் ஹுடாக்குக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கட்டியவள் இரண்டே வருஷத்தில் பிரிந்து போனாள். யங்ஸ்டவுன் எஃகு ஆலையை மூடியதும் வேலை போயிற்று. அப்புறம் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தே ஓய்வு பெற்றான். அவனுக்கென்று இருந்தவை இரண்டுதான்: செட் போஸ்கோ என்கிற சிநேகிதன், கண்ணாடி அலமாரி நிறையப் பிரிக்காத பேஸ்பால் அட்டைப் பொட்டலங்கள்.

பையன்களாக இருந்தபோது இந்த இரண்டு தடியன்களும் மிட்டாயும் விற்கிற மருந்துக்கடைக்கு சைக்கிளை மிதித்துப் போய், ஐந்து சென்ட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வாசலிலேயே கிழித்துவிடுவார்கள். உள்ளே ஒரு பபிள்கமும், பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட சில அட்டைகளும் இருக்கும். பபிள்கம் வாய்க்கு, நல்ல அட்டை சட்டைப் பைக்கு, வேண்டாத ஆட்டக்காரன் படபடவென்று சத்தம் போட சைக்கிள் சக்கரக் கம்பிக்கு. பிரிக்காமல் வீடு வந்து சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. தலை நரைத்த பிறகு அதே பழைய பொட்டலங்களை செட் தேடித் தேடிப் பிடித்தான், இருவருமாகப் பிரிக்காமல் வைப்பதற்கு! எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

"பிரிச்சுட்டா உள்ள இருக்கிறவன்தான் இருப்பான் நோரீன். பிரிக்கலேன்னா யார் வேணும்னாலும் இருக்கலாம்" என்பான் வெர்ன், தங்கை என்னிடம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டத்தன்று செட் ஒரு பொட்டலத்தோடு வருவான். சமையலறை மேசையில் வைத்து இருவரும் முகர்ந்து பார்ப்பார்கள். உள்ளே யார் என்று பீரும் கையுமாகச் சண்டை போடுவார்கள். பிறகு அது அலமாரிக்குள் போய்விடும். அலமாரியில் இருந்த அத்தனையும் செட் கொண்டுவந்தவை.

போன குளிர்காலத்தில் எலி ஒன்று உள்ளே புகுந்து ஒரு பொட்டலத்தைக் கடித்துவிட்டது. கெட்டது கெட்டுவிட்டது என்று வெர்ன் அதைப் பிரித்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. ஐம்பது வருஷம் பபிள்கம் ஒட்டிக் கிடந்தால் அட்டையில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். இந்த அட்டையோ பளிச்சென்று இருந்தது. யாரோ ஏற்கெனவே பிரித்து, நல்லதை உருவிக்கொண்டு வேறொன்றை வைத்து, பொட்டலத்தின் மெழுகுத்தாளை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். மெழுகு இளகி ஒட்டுவதற்கு இளஞ்சூட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டி போதும். செட் ஆயுசு முழுக்க சலவைக்கடை நடத்தியவன்.

"எத்தனை வருஷமாடா என்னை முட்டாளாக்கிட்டிருக்கே?" என்று அவனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டான் வெர்ன்.

செட் முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தான். "எனக்கு வித்தவன் செஞ்சிருப்பான்டா. மூடிக் கிடக்கிறதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியும்."

செட்டின் சிரிப்பு நின்றது. "அப்படின்னா மத்ததையும் பிரிச்சுப் பாரு" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெர்ன் பிரிக்கவில்லை. பிரித்தால் அலமாரி போய்விடும், பிரிக்காவிட்டால் சிநேகிதன். என் அண்ணன் அலமாரியை வைத்துக்கொண்டான்.

மார்ச்சில் செட்டுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். அவன் மனைவி ஆர்லீன் தினமும் போன் செய்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். "திருடனைப் பார்க்க நான் எதுக்குப் போகணும்?" என்று ஒரே பிடிவாதம். செட் செத்தான். அடக்கத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும்தான் போனேன்.

அடுத்த வாரம் ஆர்லீன் வீட்டுக்கே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டான், வெர்ன். ஒரு தடவை வந்திருக்கலாம்."

"உன் புருஷன் லட்சணத்தை நீயே பாரு" என்று அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்தான் அவன்.

பழுப்புக் கறை. அடுத்ததைக் கிழித்தான். கறை. மூன்றாவதில், சின்ன வயதில் இருவரும் தேடித் தேடிக் கிடைக்காமலே போன கிளீவ்லேண்ட் பந்துவீச்சாளன் முழுசாக உட்கார்ந்திருந்தான். உருவுகிறவன் முதலில் அவனைத்தான் உருவியிருப்பான். வெர்ன் அலமாரியைச் சாத்தப் போனான்.

"போதும், ஆர்லீன்."

"போதாது. எல்லாத்தையும் பிரி. ஒண்ணு மூடிக் கிடந்தாலும் நாளைக்கு அதுக்குள்ள என் புருஷன் திருடனா இருப்பான்."

எல்லாவற்றையும் பிரித்தான். பபிள்கம் தூளாகி மேசையெல்லாம் சிதறியது. ஒவ்வொன்றிலும் அந்தக் கறை. கடைசித் தாளையும் பிரித்தபோது அலமாரி காலி. என் அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

ஆர்லீன் வாசல்வரை போய்விட்டாள்.

"ஆர்லீன்... நான் ஏன் வரலேன்னு அவன் கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வழியில வந்துக்கிட்டிருக்கேன்னு தினமும் சொன்னேன். நம்பினான்."