மூன்று முறை மன்னிக்கப்பட்ட மச்சான்

இரண்டு வருடம் நான் சோழ நாட்டை ஆண்டேன். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் பம்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. காலை ஷிப்ட் முடிந்து, பிள்ளை பார்க்கும் அக்கா வீட்டிலிருந்து மகளைக் கூட்டி வந்து, சோறு ஊட்டித் தூங்க வைத்த பிறகு நான்கு மணிவாக்கில் அரியணை ஏறுவேன். ஆறு மணிக்கு மனைவி வேலை விட்டு வருவாள். அதற்குள் இறங்கி, சமையலறையில் நாலு பாத்திரத்தையாவது கழுவி வைத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறெந்தச் சக்கரவர்த்திக்கும் இந்த நிபந்தனை இருந்திருக்காது.

அது சரித்திரத்தை வைத்துச் செய்த கணினி விளையாட்டு. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, படை திரட்டி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, வாரிசுகளை வளர்த்து ஆளலாம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கம்பெனி வெளியிட்டது. அவர்கள் ஊர்க் குதிரைகளுக்கு நான்கு வகைச் சேணம் வரைந்தவர்கள், சோழ நாட்டுக்கு வந்ததும் களைத்துப்போய்விட்டார்கள். நம் ராஜா தலையில் ஒட்டகம் மேய்ப்பவரின் தலைப்பாகை. தஞ்சாவூரைச் சுற்றிப் பாலைவனம். முதல் நாள் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது.

இந்த மாதிரி வயிறு எரிகிறவர்களுக்காகவே மோட் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி செய்யாமல் விட்டதை, அல்லது செய்து கெடுத்ததை, ரசிகர்களே எழுதி விளையாட்டின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். போலந்தில் ஒருவர் ஏற்கனவே சோழ மோட் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவருக்குக் கப்பல் பைத்தியம், தமிழ் தெரியாது. கடாரத்துக்குப் போகும் கப்பல்களைத் தச்சர் மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். முகங்களுக்கும் பெயர்களுக்கும் ஆள் வேண்டும் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

முகங்களுக்கு எங்கே போவது? கைப்பேசியில் இருந்த குடும்பப் படங்களைத்தான் எடுத்தேன். படத்தைச் சாயம் தீட்டிய மாதிரி மாற்றி, மேலே ஒரு கிரீடத்தையோ காதணியையோ ஒட்டிவிட்டால் முடிந்தது வேலை. ராஜா யார் என்பதில் எனக்கு அதிக யோசனை ஓடவில்லை. வேலை செய்கிறவன் நான், ராஜாவும் நான். ராணி என் மனைவி. அவள் அண்ணன், என் மச்சான், பெரிய மீசையும் அதற்குத் தக்க நெஞ்சும் உள்ள ஆள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பார்த்தாலே சேனாதிபதி.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த விளையாட்டில் ராஜாவுக்கு அப்பா உண்டு, அண்ணன் தம்பி உண்டு, அக்கா தங்கை உண்டு. ராணிக்குப் பிறந்த வீடே கிடையாது. ஆகாயத்திலிருந்து விழுந்தவள் மாதிரி வந்து அரண்மனையில் உட்கார்ந்திருப்பாள். மனைவியின் அண்ணன் என்று ஒரு மனிதன் உலகத்தில் இருக்கக்கூடும் என்பதையே அந்தக் கம்பெனி கேள்விப்படவில்லை. மச்சானை எங்கே வைப்பது? நான் அவரை ராஜாவின் தம்பி இடத்தில் வைத்தேன். அண்ணன் இடத்தில் வைத்தால் அரியணை அவருக்குப் போய்விடும். அதனால் வயதைக் கொஞ்சம் குறைத்தேன்.

"என் அண்ணன் உங்களுக்குத் தம்பின்னா, எனக்கு யாரு? கொழுந்தனா?" என்றாள் மனைவி.

"சும்மா கேம்தானே லா," என்றேன்.

மச்சானுக்கோ ஒரே சந்தோஷம். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத மனிதர். வயது குறைந்ததில் அவருக்கென்ன நஷ்டம்? அந்தச் சேனாதிபதி படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கி, சாயங்காலங்களில் அவரும் விளையாடத் தொடங்கினார். ராஜாவாகத்தான் விளையாட முடியும் என்பதால் என் முகத்தைப் போட்டுக்கொண்டு, தன்னையே கடாரத்துக்கு அனுப்பி வைப்பார். ஒவ்வொரு வெற்றிக்கும் எனக்கு ஒரு படம் வரும்.

பிறகு கம்பெனிக்காரன் கை வைத்தான். ஒரு வியாழக்கிழமை, யாரும் கேட்காத அப்டேட் ஒன்று வந்தது. கூடவே வந்த குறிப்பில், 'இளவரசர்களுக்கு இனி சொந்த ஆசைகள் உண்டு' என்று பெருமையாக ஒரு வரி. நான் அதைப் படித்தேன். நல்லதுதானே, ஆசைப்படட்டும் என்று விட்டுவிட்டேன். எந்த மோட்டின் எந்த முகத்துக்கு அந்த ஆசை வரும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மறுநாள் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நான் உங்களுக்கு என்னா கொற வச்சேன்?"

"என்னா ஆச்சு மச்சான்?"

"அந்தச் சேனாதிபதிய மூணு தடவ மன்னிச்சேன். மூணு தடவையும் படையோட திரும்பி வந்து, ராஜாவுக்கு எதிரா நிக்கிறான். நாலாவது தடவ வேற வழியில்லாம என் தலைய நானே வெட்டினேன்."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மச்சான் சிரிக்கவில்லை, நிதானமாகச் சொன்னார்: "துரோகி மடியில எதுக்கு உங்க பிள்ளைய உட்கார வைக்கிறீங்க? காது குத்துக்கு வேற ஆளப் பாருங்க."

போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. மகளுக்கு மூன்று வயது. மூன்று வாரத்தில் கோயிலில் காது குத்து. மண்டபம் சொல்லி, ஆசாரிக்குச் சொல்லி, ஊரைக் கூப்பிட்டாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. என் மனைவிக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

விஷயம் அவள் காதுக்குப் போனது. அவள் அண்ணனிடம் பேசி, முழுக் கதையையும் வாங்கி வந்தாள். பொந்தியானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையை மச்சானுக்குப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேரும் கைப்பேசியில் பேசிக்கொள்ளத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இந்த மனிதர் ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அனுப்பாமல் சேனாதிபதி படத்தை அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணும் சும்மா இல்லை. விளையாட்டை வாங்கி, எங்கள் மோட்டைப் போட்டு, ஆளத் தொடங்கியிருக்கிறார். அவரிடமிருந்து மச்சானுக்கு வந்த செய்தி இது: 'சார், உங்கள எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா வேற வழியில்லாம தலைய வெட்டிட்டேன்.' கீழே நாலு சிரிக்கிற முகம்.

"கடாரத்த அப்புறம் பிடிக்கலாம்," என்றாள் மனைவி. "மொதல்ல எங்க அண்ணனக் கூட்டிட்டு வாங்க."

நான் வேலையில் இறங்கினேன். பம்பு கெட்டால் எங்கே கசிகிறது என்று பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. கம்பெனி எழுதியதைத் துருவிப் பார்த்ததில், ராஜாவின் தம்பிகளில் ஒரே ஒரு வகைக்கு மட்டும் அரியணை ஆசை வராது என்று தெரிந்தது. துறவிகள். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினேன். 'சரி பண்ணிட்டேன் மச்சான், இனி எந்தக் காலத்திலும் துரோகம் வராது' என்று செய்தி அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடித்தேன்.

துறவி ஆனவுடன் விளையாட்டு தானாகவே தலையை மொட்டையடித்து, மீசையையும் வழித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. தங்கையைக் கூப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"அலமாக்! பொந்தியான்ல சாமியாருக்கா பொண்ணு குடுப்பாங்க?"

அடுத்த வாரம் கம்பெனியின் கருத்துப் பலகையில் ஒரு நீண்ட மனு எழுதினேன். ஐயா, ராணிக்குப் பிறந்த வீடு உண்டு. அங்கே ஓர் அண்ணன் இருப்பார். அவர் பங்காளி அல்ல, சொத்தில் பங்கு கேட்க மாட்டார். பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்வார், சீர் கொண்டு வருவார், கல்யாணத்தில் முன்னால் நிற்பார், கோபம் வந்தால் வராமலும் இருப்பார். இப்படி ஓர் இடம் உங்கள் வம்ச வரைபடத்தில் அவசரமாகத் தேவை. கம்பெனி பதில் சொல்லவில்லை. யாரோ ஒரு ஆட்டக்காரர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: 'காது குத்தினால் எத்தனை புள்ளி கூடும்?'

காது குத்துக்கு இன்னும் ஐந்து நாள். மச்சான் போனை எடுப்பதில்லை. மனைவி என்னிடம் பேசுவதைக் குறைத்து, சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தைக் கூட்டியிருந்தாள். நான் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்து பார்த்தேன். என்னிடமிருந்து தொடங்கினால் மச்சானுக்கு இடமே வரவில்லை. எப்படித் திருப்பினாலும் வரவில்லை. சலித்துப்போய் அவரிடமிருந்து தொடங்கினேன். மச்சான் ராஜா. அவருக்கு ஒரு தங்கை; அதற்கு அந்த விளையாட்டில் இடம் இருக்கிறது. தங்கைக்கு ஒரு புருஷன். அதற்கும் இருக்கிறது, அவனுக்கு அரியணை ஆசை வரவே வராது. அவர்கள் பிள்ளை ராஜாவுக்கு மருமகள். எல்லோரும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து நிற்க வேண்டியிருந்தது நான் ஒருவன்தான்.

உண்மையைச் சொன்னால் வலித்தது. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து ஆண்ட நாடு. என் முகத்தைப் போட்டுக்கொண்டு எங்கெங்கோ இருப்பவர்கள் கப்பல் விட்டார்கள். ஆலையில் என் சூப்பர்வைசர் என் பெயரையே அரைகுறையாகத்தான் சொல்வார். கம்பெனிமேல் பழி போட்டேனே, மச்சானைப் பங்காளியாக்கியது அவனா? தம்பி இடத்தில் கொண்டுபோய் வைத்தது என் கை. கிரீடத்தை விட மனமில்லாமல் அவரை அங்கே திணித்தவன் நான்தான்.

ராஜா முகத்தை மாற்றப் போகிறேன் என்று போலந்துக்காரருக்கு எழுதினேன். அவர் பதறிப்போய், 'ஆட்சிக் கவிழ்ப்பா?' என்று கேட்டார். 'இல்லை, காது குத்து' என்று பதில் போட்டேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வெள்ளிக்கிழமை புதிய மோட்டை வெளியிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அண்ணன் மீசையோடும் கிரீடத்தோடும் நடுவில் இருந்தார். பக்கத்தில் அவள், ராஜாவின் தங்கை. ஓரத்தில் நான். இப்போது ஆகாயத்திலிருந்து விழுந்தவன் நானாகிவிட்டேன். பிறந்த வீடும் இல்லை, பதவியும் இல்லை. என் படத்துக்குக் கீழே விளையாட்டு தானாகவே எழுதியிருந்தது: 'அரண்மனை விருந்தினர். திறமைகள்: இல்லை.' பத்து நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள். சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மச்சானுக்கு விளக்கம் எதுவும் எழுதாமல் மோட்டை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. சனிக்கிழமை முழுவதும் பதில் இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் ஆசாரி பாயை விரித்து, ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, "தாய்மாமன் எங்கங்க?" என்று கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்க்காமல் மகளின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான். பத்து மணி ஆனதும் என் சித்தப்பா மகன் ஒருவன், யாரும் கேட்காமலே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாயை நோக்கி ஓரடி நகர்ந்தான். அசல் பங்காளி. கம்பெனிக்காரன் இவனைப் பார்த்துத்தான் அந்த அப்டேட்டை எழுதியிருக்க வேண்டும்.

அப்போது வாசலில் தட்டு தெரிந்தது. பட்டு வேட்டியில், மீசையை முறுக்கிவிட்டு, பழம், பாவாடை சட்டை, சின்னஞ்சிறு தோடு எல்லாம் அடுக்கிய தட்டோடு மச்சான் வந்தார். அவசரமே இல்லாத நடை. பங்காளி ஓரடி பின்னால் போனான். மச்சான் தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க மாப்பிள்ளை, என் மருமகள."

முதல் காதில் ஊசி ஏறியதும் மகள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது காதுக்கு அவர் கழுத்தையே கட்டிக்கொண்டு கத்தினாள். எல்லாம் முடிந்து நான் கையை நீட்டியபோது என்னிடம் வரவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் என்னிடம் பத்து அரியணை இருந்தாலும் பத்தையும் அவருக்கே கொடுத்திருப்பேன்.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் இன்னும் அவர் மடியில்தான். பாயசம் வந்ததும் இலையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை, ராஜாவுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்கே?"

"ஆமா மச்சான். ராணி இப்ப தங்கச்சி ஆயிட்டா. அந்த எடத்துக்குப் படம் இல்ல."

அவர் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். பள்ளிக்கூட மேடையில் எடுத்த படம். நீலச் சேலை, நேரான பார்வை, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். கீழே ஒரு வரி: 'இந்தப் படம் போதுமான்னு உங்க மாப்பிள்ளைகிட்ட கேளுங்க சார்.'

நான் விரலால் கொஞ்சம் மேலே தள்ளினேன். தலையை வெட்டிவிட்டேன் என்ற அந்தப் பழைய செய்தி, நாலு சிரிக்கிற முகத்தோடு அங்கேயே இருந்தது. மச்சான் அதை அழிக்கவே இல்லை.