அம்மன் முன்னால் அப்பா வாங்கிய சத்தியங்கள்

அப்பா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் எங்கள் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அப்பாவின் மூத்த மகளான என்னிடம் அவர் எழுதக் கொடுத்திருக்கக் கூடாது.

திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். அம்மாவைக் கல்யாணம் செய்த பிறகு றொசல்லப் பக்கம் வந்து, இந்தத் தோட்டத்திலேயே கடைசிவரை இருந்தார். மலைக்கு வேலைக்குப் போகும்போதும் தலையைப் படிய வாரிக்கொண்டுதான் போவார். "கடிக்கிற அட்டைக்கு அழகு காட்டப் போறாரு" என்று அம்மா கேலி செய்வார். எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். அம்மாமீது ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அதனாலேயே அடிக்கிற ஆண்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அப்பா நெடுங்காலம் கோயில் கமிட்டித் தலைவராக இருந்தார். புருசன் பெண்சாதி சண்டை என்றால் அவரிடம்தான் வரும். மாரியம்மன் கோயில் வாசலில் இருவரையும் நிறுத்தி விசாரிப்பார். இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று புருசன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சத்தியம் வாங்கினால் நியாயம் இல்லை என்று அப்பா நினைத்தார். ஆகவே அடி வாங்கிய பெண்ணும் சூடம் அணைக்க வேண்டும். வீட்டு விஷயத்தைப் பொலிசுக்குக் கொண்டு போக மாட்டேன் என்பது அவள் செய்ய வேண்டிய சத்தியம். எங்கள் தோட்டத்துக் குடும்பச் சண்டை ஒன்றுகூட ஹட்டன் நீதிமன்றம் வரை போகவில்லை என்பதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை.

அப்படிச் சூடம் அணைத்தவர்களில் ஒருவர் அடுத்த லயத்துச் செல்வமணி அக்கா. சத்தியம் செய்த புருசன் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தான். பிறகு பழையபடி அடிக்கத் தொடங்கினான். ஒரு நாள் விறகுக் கட்டையால் அடித்ததில் அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் துணியால் கட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தார். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு வரவில்லையே என்று அம்மா பார்க்கப் போனபோதுதான் கை வீங்கிக் கறுத்திருந்தது தெரிந்தது. அம்மா கூப்பிட்டு அப்பாவும் ஓடினார். நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ல? எங்கிட்டயாச்சும் சொல்லலாம்ல?" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரிக்குப் போனா எப்புடி ஒடஞ்சிச்சுன்னு கேப்பாங்க. பொலிசுக்குச் சொல்லிருவாங்க. நான் சூடம் அணைச்சிருக்கேன் மாமா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. சாமி குத்தம் ஆயிருச்சுன்னா என்னா செய்றது?"

அடித்தவன் சத்தியத்தை எப்போதோ மறந்துவிட்டான். அடிபட்டவர்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தார்.

அப்பா அக்காவை நேரே கோயிலுக்குக் கூட்டிப் போனார். சூடத்தைக் கொளுத்தி, "தாயே, இந்தப் புள்ள செஞ்ச சத்தியம் இனி எம்மேல. குத்தம்னா என்னையக் கேளு" என்று சொல்லி, தன் உள்ளங்கையால் அணைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் அவரே உடன் போனார். அக்காவைப் பொலிசுக்குப் போகாமல் தடுத்தது தான்தான் என்று தன் வாக்குமூலத்தில் சொன்னார். நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். தலைவர் தோட்டத்து மானத்தை வாங்கிவிட்டார் என்று சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அக்காவின் கை கோணலாகவே கூடிற்று. அந்தக் கையால் கொழுந்து எடுக்க முடியாது. இப்போது தன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா ஒரு முறை அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "நீங்க கெட்டவரு இல்ல மாமா. ஆனா மன்னிக்கச் சொல்லாதீங்க, எனக்கு வரல" என்றார் அக்கா. அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அக்கா சொன்னது சரிதான் என்று எங்களிடமும் சொன்னார்.

மற்றப் பெண்களின் நினைப்பு அதன்பிறகு அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தது. எத்தனை பேர் இன்னும் அந்தச் சத்தியத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ என்று புலம்புவார். திருவிழாவில் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கமிட்டியில் மற்றவர்கள் இடம் கொடுக்கவில்லை. லயம் லயமாகப் போய்ச் சொன்னார். சிலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிருந்தார்கள். சிலர் வீட்டில் புருசன்மார் உள்ளே விடவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு ஏற்றத்தில் நடக்கவும் முடியவில்லை. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து, "நீயாச்சும் சொல்லிரு தாயி" என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. பாதி வேலையை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற கவலையோடுதான் அவர் போனார். அது எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

நோயில் துணை நின்ற அயல் வீட்டார், ஆஸ்பத்திரிக்கு வாகனம் தந்த நண்பர்கள், மழையிலும் பாடை சுமந்த இளைஞர்கள், இறுதிக் கிரியைகளைச் செய்து தந்த ஐயா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவு வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்த செல்வமணி அக்காவுக்குத் தனியாக நன்றி.

அப்பாவின் முன்னால் சூடம் அணைத்த அக்காமாரே, தங்கச்சிமாரே, அந்தச் சத்தியத்தை அப்பா திருப்பி எடுத்துக்கொண்டார். குற்றம் என்று ஏதும் இருந்தால் அது அவரோடு போய்விட்டது. அடி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பொலிசுக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், நான் வருகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்கள், வாசிக்கத் தெரியாத பெண் பக்கத்து லயக் காம்பராவில் இருந்தால், இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.