நீர்நாய் அரசன் தப்பிவிட்டான்

வாசகசாலை நண்பர்களே, நீர்நாய் அரசன் உயிரோடு இருக்கிறான்! போன வாரத் தொடர்கதையில் அவனை வலைக்குள் விட்டுவிட்டு "தொடரும்" போட்டார்களே, எனக்குச் சோறே இறங்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில்தான் புதிய இதழைப் பிரித்தேன். பக்கத்தில் செட்டிபாளையத்து மீனவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், வலையை அறுத்துப்போட்டானோ?"

"ஓம் அண்ணன், தப்பிட்டான்."

அவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாராம்.

வாவியில் தன் வலையைக் கிழிக்கும் நீர்நாய்களை நாள்தோறும் திட்டித் தீர்ப்பவரும் இவர்தான்.

"உங்கட வலையையும் அதுகள்தானே கிழிக்குது?" என்றேன்.

"அது வேற, ரீச்சர். இவன் நம்மட ஆள்."

இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார். "எழுதுறவருக்குக் கடிதம் போட்டா, இனி வாற கதையில அவனைக் கடல் பக்கம் அனுப்பச் சொல்லுங்க. நம்மட வாவிக்க வேணாம்."

எனக்கோ அவன் இந்த வாவியிலேயே முடிசூட வேண்டும். தபாலட்டை வாங்கிவிட்டேன்.

உங்கள் ஆசை என்ன? வாசகசாலைச் சுவரில் ஒட்டியுள்ள இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். சொந்த வலை வைத்திருப்போர் அதையும் மறைக்காமல் குறிப்பிடவும்.